நெருப்பில் சுழலும் உலோகம்



வடக்கே தில்லியிலும், மேற்கே மும்பையிலும், கிழக்கே ஜாம்ஷெட்பூரிலும் வாழும் நம்மவர்கள் ஊருக்குப் புறப்படுவதென்றால், ஒரு காலத்தில் இரண்டு இரவுகள் ரயிலிலேயே கழியும். கூஜாவும் கட்டுச்சோறும் படுக்கைச் சுருளுமாகத் தில்லியில் ஏறியவருக்கு, விஜயவாடா தாண்டிய பிறகுதான் ஊர் நெருங்குகிறது என்ற எண்ணமே பிறக்கும். இன்று அதே தில்லியில் விமானம் ஏறியவர் மூன்று மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகிறார். தாய்க்கு உடல்நலமில்லை என்று காலையில் செய்தி வந்தால், மாலையில் அவள் கட்டிலருகே நிற்க முடிகிறது. சன்னலோரத்தில் அமர்ந்தவர் விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சினைப் பார்க்கிறார்; அதன் முகப்பில் சுழலும் பெரிய விசிறியையும் புறப்படுமுன் பார்த்திருப்பார். அந்த விசிறிக்கு வெகு பின்னால், எவர் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், நம் விரல் நீளமே உள்ள சில உலோகத் துண்டுகள் நெருப்பின் நடுவே சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றியே இன்று பேச நினைக்கிறோம்.

ஜெட் எஞ்சினின் தத்துவம் கடினமானதன்று. முன்புறத்தில் காற்றை இழுத்து அமுக்குகிறார்கள். அமுங்கிய காற்றில் எண்ணெயைப் பீச்சி எரிக்கிறார்கள். எரிந்த வாயு பெருஞ்சீற்றத்துடன் பின்புறமாக வெளியேறுகிறது. விமானம் முன்னே செல்கிறது. ஆனால் முன்புறத்தில் காற்றை அமுக்குவதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது? வெளியே சீறும் வாயுவின் வழியில் ஒரு சக்கரத்தை நிறுத்திவைக்கிறார்கள். அதற்கு டர்பைன் என்று பெயர். அதன் விளிம்பைச் சுற்றி, மின்விசிறியின் இறக்கைகளைப் போல், அறுபது எழுபது பிளேடுகள் செருகப்பட்டிருக்கும். வாயு பிளேடுகளைத் தள்ள, சக்கரம் சுழல, அதே அச்சில் பூட்டிய முன்புறக் கருவி காற்றை அமுக்குகிறது. துருத்தியைத் தானே ஊதிக்கொள்ளும் கொல்லன் உலை என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பிளேடு படும் பாடு இரண்டு வகை. முதலாவது, வெப்பம். இன்றைய பெரிய எஞ்சின்களில் டர்பைனை வந்து தாக்கும் வாயுவின் உஷ்ணநிலை 1500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். பிளேடு செய்யப்படும் நிக்கல் கலவையோ 1300, 1350 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அதாவது, தன்னை உருக்கவல்ல நெருப்பின் நடுவே அது திடமாக நின்றாக வேண்டும். இது எப்படி முடிகிறது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இரண்டாவது, இழுப்பு. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கல் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும் அல்லவா? ஒரு பிளேடின் எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது சக்கரத்தின் நடுவிலிருந்து 45 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், சக்கரம் நிமிடத்திற்கு 10,000 முறை சுழல்வதாகவும் கொள்வோம். பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்தப் பிளேடை அதன் வேரிலிருந்து பறிக்கும் இழுப்பு ஏறத்தாழ 15 டன் என்று வருகிறது. அதன் எடையைப் போல் ஐம்பதாயிரம் மடங்கு! சரக்கேற்றிய லாரி ஒன்றை விரல் நீளத் துண்டில் தொங்கவிட்டு, அந்தத் துண்டைச் செந்தணலாகக் காய்ச்சி, பல ஆயிரம் மணி நேரம் அப்படியே விட்டுவைப்பதற்கு ஒப்பானது இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உலோகம் பட்டென்று முறிந்துவிடுவது ஒன்றுதான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. நம் வீட்டுப் பரணில் பித்தளைப் பாத்திரங்களை அடுக்கிவைத்தால், பலகை அன்றைக்கே உடைவதில்லை. ஆனால் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் நடுவில் தொய்ந்திருக்கும். வெப்பத்தில் உலோகமும் அப்படியே. தாங்கக்கூடிய பாரமே ஆனாலும், காய்ந்த நிலையில் அதை நெடுநேரம் சுமக்கும்போது அது மெல்ல மெல்ல நீள்கிறது. 1910-ஆம் ஆண்டில் ஆன்ட்ரேட் என்ற ஆங்கில விஞ்ஞானி ஈயக் கம்பிகளில் எடையைத் தொங்கவிட்டு, இந்த நீட்சி எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று ஆராய்ந்தார். பொறியியலார் இதற்கு ஊர்தல் என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். டர்பைன் பிளேடின் நுனிக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. பிளேடு ஊர்ந்து ஊர்ந்து அந்த இடைவெளியைக் கடந்துவிட்டால் உறையில் உரசும். அதன் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெட் எஞ்சினைக் கனவு கண்டவர்களை வெகு நாள் தடுத்து நின்றது இந்த ஊர்தல்தான். இங்கிலாந்தின் விமானப் படையில் இளம் அதிகாரியாக இருந்த பிராங்க் விட்டில், 1930 ஜனவரியில் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். அவருடைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது 1937 ஏப்ரலில். ஜெர்மனியில் ஓஹைன் என்பவரின் எஞ்சினைக் கொண்ட விமானம் அவரை முந்திக்கொண்டு 1939 ஆகஸ்டிலேயே பறந்துவிட்டது; விட்டிலின் எஞ்சின் 1941 மே மாதம் விண்ணேறியது. இருவர் கையிலும் இருந்தது அக்காலத்து எஃகு. நீராவி டர்பைனுக்குப் போதுமானதாக இருந்த அந்த எஃகு, இந்த நெருப்பில் நெடுநேரம் நிற்க மறுத்தது.

விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? மின்சார அடுப்பிலிருந்து! நிக்கல் 80 பங்கும் குரோமியம் 20 பங்கும் சேர்ந்த கம்பியை ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் காப்புரிமை செய்திருந்தார். செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் துருவேறாத கம்பி அது. குரோமியம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஆக்ஸைடுப் படலத்தை உண்டாக்கி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. நம் வீடுகளில் மின் அடுப்பிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இருப்பது அந்த வமிசத்துக் கம்பியே. அது காந்தலைத் தாங்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது. இங்கிலாந்தில் மான்ட் நிக்கல் கம்பெனியைச் சேர்ந்த பைல் என்பவரும் அவருடைய தோழர்களும், போர்க்காலத்தின் தொடக்க ஆண்டுகளில், அந்தக் கலவையை எடுத்துக்கொண்டு அதில் டைட்டேனியமும் அலுமினியமும் சிறிதளவே சேர்த்தார்கள். குழம்புக்கு உப்பிடும் அளவுதான். பாரம் தாங்கும் திறன் அபாரமாக உயர்ந்தது. நிமோனிக் 80 என்று பெயர் பெற்ற அந்தக் கலவை 1941-ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குக் கிட்டியது.

ஜெர்மனியிலோ நிக்கலுக்குப் பெரும் பஞ்சம். அவர்களுடைய மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்னும் ஜெட் போர்விமானம் எவரையும் பின்தள்ளும் வேகமுடையது. ஆனால் அதன் எஞ்சினில் வெப்பம் தாங்கும் உலோகம் போதிய அளவு இல்லை. எரி அறையைச் சாதாரண இரும்புத் தகட்டில் செய்து, மேலே அலுமினியம் பூசி ஒப்பேற்றினார்கள். அந்த எஞ்சின் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரமே உழைத்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அறிவுக்குக் குறைவில்லை, மூலப்பொருளுக்குத்தான் குறைவு. ஜெட் எஞ்சினின் வரலாற்றில் இந்தப் பாடம் மீண்டும் மீண்டும் வருகிறது.

ஒரு சிட்டிகை அலுமினியமும் டைட்டேனியமும் செய்த மாயம் யாது? எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகே அது கண்ணுக்குப் புலனாயிற்று. உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. பாரம் ஏறும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மீது நழுவுகிறது. நழுவுவதால் உலோகம் நீள்கிறது. நிக்கலில் அலுமினியத்தைக் கரைத்துப் பதமாகக் காய்ச்சி ஆற்றினால், மிக நுண்ணிய கனசதுரத் துகள்கள் உள்ளே விளைகின்றன. இன்றைய கலவைகளில் ஒரு மில்லிமீட்டரில் அத்தகைய துகள்கள் இரண்டாயிரத்தை வரிசையாக வைக்கலாம். இந்தத் துகளுக்குள் நிக்கலும் அலுமினியமும் கண்டபடி கலந்திராமல், தத்தமக்குரிய இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஒழுங்கைக் குலைக்காமல் அடுக்குகள் நழுவ முடியாது. இதைவிட வியப்பானது ஒன்று: எல்லா உலோகமும் காயக் காய இளகும், இந்தத் துகளோ ஏறக்குறைய 800 டிகிரி வரை காயக் காய உறுதி பெறுகிறது! இன்றைய பிளேடு உலோகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இத்துகள்களே நிரம்பியிருக்கின்றன.

அடுத்த தடை, உலோகத்தின் மணிகள். உலோகம் உறையும்போது ஓர் இடத்தில் மட்டும் படிகம் தொடங்குவதில்லை. பல இடங்களில் தொடங்கி, வளர்ந்து, ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. பாகு காய்ச்சி ஆறவிட்டால் கற்கண்டு சிறு சிறு மணிகளாக ஒட்டி நிற்பதைப் போலத்தான். மணியும் மணியும் சேரும் ஓரம் வெப்பத்தில் பலவீனமானது. அங்கேதான் விரிசல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் பணியாற்றிய வெர்ஸ்னைடர் என்பவர் 1960-களில், எல்லா மணிகளும் இழுப்பின் திசையிலேயே தூண்களாக வளரும்படி உலோகத்தை அடியிலிருந்து மேலாக உறைய வைத்தார். பின்னர் இன்னும் ஒரு படி சென்றார்கள். அச்சின் அடியில் திருகிய வாலைப் போன்ற குறுகிய வழி ஒன்றை அமைத்தார்கள். தொழிலாளர் அதற்குப் பன்றிவால் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கீழே முளைத்த பல படிகங்கள் அந்தத் திருகு வழியில் போட்டியிட்டு ஏறுகையில், ஒன்றைத் தவிர மற்றவை சுவரில் முட்டி நின்றுவிடும். தப்பி மேலே வந்த ஒற்றைப் படிகம் பிளேடு முழுவதையும் நிரப்புகிறது. ஓரமே இல்லாத, முழுதும் ஒரே படிகமான பிளேடு! 1980-களின் தொடக்கத்திலேயே இவை பயணி விமானங்களில் பறக்கத் தொடங்கின. பிறகு வந்த கலவைகளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் ரீனியம் சேர்த்தார்கள். 1925-இல்தான் கண்டுபிடிக்கப்பட்ட அரிய தனிமம் அது. செம்புச் சுரங்கங்களின் உபபொருளாகச் சிறிது சிறிதாகக் கிடைப்பது.

இத்தகைய பிளேடை எப்படி வார்க்கிறார்கள் என்று கேட்டால், தஞ்சை மாவட்டத்து நேயர்கள் புன்னகை செய்வார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறையில் நாம் ஒரு முறை நின்று பார்த்ததுண்டு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் தெய்வ உருவத்தைச் சமைக்கிறார்கள். காவிரியின் நுண்ணிய வண்டலை அதன் மீது முதற் பூச்சாகப் பூசுகிறார்கள். நகத்தின் வரிகூட அந்த வண்டலில் பதியும். மேலே பருமண் பூச்சு, இரும்புக் கம்பிக் கட்டு, நிழலில் உலர்த்தல். பிறகு சூடேற்ற, மெழுகு உருகி ஓடிவிடுகிறது. வெற்றிடத்தில் உருகிய உலோகம் புகுந்து உருவாகிறது. மண்ணை உடைத்தால் விக்கிரகம். சோழர் காலத்துப் படிமங்கள் எல்லாம் இம்முறையில் பிறந்தவையே. சிற்ப நூலார் மதுச்சிஷ்ட விதானம் என்றனர்.

டர்பைன் பிளேடும் இதே முறையில்தான் பிறக்கிறது. மெழுகில் பிளேடின் உருவத்தை எடுக்கிறார்கள். வண்டலுக்குப் பதில் பீங்கான் குழம்பில் அதை மீண்டும் மீண்டும் தோய்த்து, மாவுத் தூவல் இட்டு, உலர்த்தி, ஓடு கட்டுகிறார்கள். நீராவியால் மெழுகை உருக்கி வடித்து, ஓட்டைச் சுட்டு, உலோகத்தை ஊற்றுகிறார்கள். வேறுபாடுகள் உண்டு. காற்றுப் பட்டால் அலுமினியமும் டைட்டேனியமும் எரிந்து கெடும் என்பதால், உருக்குவதும் ஊற்றுவதும் காற்றை வெளியேற்றிய அறையில் நடக்கின்றன. சுவாமிமலையில் வழிபாட்டு உருவங்களைக் கனவார்ப்பாகவே வார்ப்பார்கள். பிளேடோ உள்ளே பல வளைவுகளையுடைய கூடாக இருக்க வேண்டும். ஆகவே மெழுகுக்குள்ளேயே பீங்கான் கரு ஒன்றை முன்கூட்டிப் புதைத்துவைத்து, வார்த்த பிறகு அதைக் காரத்தில் கரைத்து எடுக்கிறார்கள்.

உள்ளே கூடு எதற்கு? உருகும் நிலையைத் தாண்டிய நெருப்பில் பிளேடு எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான். முன்புறத்தில் அமுக்கிய காற்றில் ஒரு பகுதியைப் பிரித்து, பிளேடின் வேர் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். அமுக்கப்பட்டதால் அந்தக் காற்றே பல நூறு டிகிரி சூடானது. நம் சமையலறை அடுப்பைவிடக் கொடியது. எனினும் 1500 டிகிரிக்கு முன்னே அது தென்றல்தான். கூட்டின் வளைவுகளில் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மேற்பரப்பில் துளைத்த நுண்ணிய துளைகள் வழியாக வெளிவந்து, பிளேடின் மேனியெங்கும் ஒரு மெல்லிய காற்றுப் போர்வையாகப் படர்கிறது. இதற்கும் மேலே ஸிர்க்கோனியா என்னும் பீங்கானைப் பூச்சாகப் பூசுகிறார்கள். உலோகம், பூச்சு, காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தே நெருப்பைத் தடுக்கின்றன. ஒன்று தவறினால் மற்ற இரண்டும் வெகுநேரம் காக்கமாட்டா.

உலோகத்தில் ஒரு சிறு குறை என்ன செய்யும் என்பதற்கு 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் பறந்த டி.சி.-10 விமானத்தின் வால் எஞ்சினில், முன் விசிறியைத் தாங்கும் டைட்டேனியச் சக்கரம் வானிலேயே வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள், விமானத்தைத் திருப்புவதற்கான எண்ணெய்க் குழாய்கள் அனைத்தையும் அறுத்துவிட்டன. விமானிகள் மற்ற இரு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைச் சூ சிட்டி என்னும் ஊர்வரை கொண்டு சேர்த்தார்கள். 184 பேர் பிழைத்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணத்தைத் தேடியபோது, அந்தச் சக்கரத்துக்கான டைட்டேனியத்தைப் பதினெட்டு ஆண்டுகட்கு முன்பு உருக்கியபோது நைட்ரஜன் கலந்து, கடுகளவு இடம் கண்ணாடிபோல் கடினமாகிவிட்டது தெரியவந்தது. அந்தக் கடுகிலிருந்து தொடங்கிய விரிசல், ஒவ்வொரு பறப்பிலும் சிறிது சிறிதாக வளர்ந்திருக்கிறது. இடையே நடந்த பரிசோதனையில் அது கண்ணில் படவில்லை. இருமுறை உருக்கிய டைட்டேனியத்தை மும்முறை உருக்கும் வழக்கம் அந்தச் சக்கரம் செய்யப்பட்ட சிறிது காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் முன்பு செய்த சக்கரங்கள் அதற்குள் வானில் ஏறிவிட்டிருந்தன.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1961 ஜூனில் பெங்களூரில் மாருத் என்ற போர்விமானம் முதன்முதலாகப் பறந்தது. கர்ட் டாங்க் என்ற ஜெர்மானிய நிபுணரின் தலைமையில் நம் பொறியியலார் வரைந்த அழகிய விமானம். அக்காலத்தில் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்த தமிழர் குடும்பங்களில் இன்றும் அதைப் பெருமையுடன் பேசுவார்கள். ஆனால் அதன் உடலுக்கு ஏற்ற எஞ்சின் எந்த நாட்டிலிருந்தும் கிடைக்கவில்லை. ஆற்றல் குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சின்களையே பூட்டினார்கள். எண்ணிய வேகத்தை அது கடைசிவரை எட்டவே இல்லை. 1989-இல் பெங்களூரில் நம் சொந்த எஞ்சினுக்கு அரசு அனுமதி அளித்தது. அதற்குக் காவிரி என்று பெயர். தேஜஸ் விமானத்திற்கென எண்ணிய அந்த எஞ்சினின் எடை கூடியது, உந்துவிசை போதவில்லை. 2001-இல் தேஜஸ் அமெரிக்க எஞ்சினுடன் பறந்தது. 2008-இல் காவிரியைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். 2010-இல் ரஷ்யாவில் நான்கு எஞ்சின் விமானம் ஒன்றில் ஓர் எஞ்சினாகப் பூட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். பின்னர் அதன் ஒரு வடிவத்தை ஆளில்லா விமானத்துக்கென எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரோடு நாம் உடன்படவில்லை. பிளேடு செய்யும் கலையைத் தம் கையில் வைத்திருக்கும் நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிந்த பிளேடை விற்பார்கள். அதை எந்தப் பதத்தில் காய்ச்சி, எந்த வேகத்தில் குளிர வைத்தோம் என்பதைச் சொல்லமாட்டார்கள். அதை ஒவ்வொரு நாடும் தன் உலையில் நின்று, கெட்ட வார்ப்புகளை மலைபோல் குவித்தே கற்றிருக்கிறது. நாமும் குவிக்கத்தான் வேண்டும்.

அந்தக் கல்வி நடக்கும் இடம் ஹைதராபாத். அங்கே 1963-இல் தோன்றிய பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிச் சாலையும், 1973-இல் தோன்றிய மிதானி என்னும் அரசாங்கக் கலவை உலோகத் தொழிற்சாலையும் கஞ்சன்பாக்கில் அடுத்தடுத்து இருக்கின்றன. ராக்கெட்டுகளின் கூட்டுக்கான உறுதி எஃகையும் டைட்டேனியக் கலவைகளையும் மிதானி செய்கிறது. நம் கொங்கு நாட்டுக் கொடுமணலைப் போலவே, தெலுங்கானாவும் மூசையில் உருக்கு வடித்த பழம் பூமி என்பதை அங்கே வாழும் நேயர்கள் அறிந்திருக்கலாம். 2021 ஏப்ரலில் அந்த ஆராய்ச்சிச் சாலை, ஹெலிகாப்டர் எஞ்சினுக்கென ஒற்றைப் படிகப் பிளேடுகள் 60-ஐ வார்த்து, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஐந்து தொகுதிகளாக 300 பிளேடுகளைச் செய்யும் திட்டத்தில் அது முதல் தவணை. மெழுகு உருவம், பீங்கான் ஓடு, வார்ப்பு, காய்ச்சிப் பதப்படுத்தல், அளவெடுத்தல் எல்லாமே அங்கேயே நடந்தன. 1500 டிகிரிக்கு மேல் உருகிய உலோகத்தின் அழுத்தத்தைத் தாங்கும் ஓட்டுக்கு எந்தப் பீங்கானை எந்த விகிதத்தில் கலப்பது என்பதையும் அவர்களே கண்டுகொண்டார்கள்.

வார்த்த பிளேடு நேரே எஞ்சினுக்குப் போவதில்லை. அமிலத்தில் தோய்த்துப் பார்க்கிறார்கள். மறைந்திருக்கும் மணி ஓரம் ஏதேனும் இருந்தால் அப்போது வெளிப்படும். எக்ஸ் கதிரைச் செலுத்திப் படிகம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். சாய்வு சில டிகிரி மிகுந்தாலும், கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பிளேடைக் கழித்து விடுகிறார்கள்.